கேள்வி – பதில்: தங்கம் தோண்டிய காட்டில் மலைச் சைக்கிள்

கேள்வி: ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கோல்ட்ஃபீல்ட்ஸ் டிராக் பாதையில் மலைச் சைக்கிள் ஓட்ட நினைக்கிறோம். எந்த முனையில் தொடங்கலாம்?

பதில்: தெற்கே பனின்யாங் மலையில் தொடங்குங்கள். பல்லாரட், கிரெஸ்விக், டேல்ஸ்ஃபோர்ட், காசில்மெயின் வழியாகச் சுமார் 210 கி.மீ. ஓடி, பாதை வடக்கே பெண்டிகோவில் முடிகிறது. பெண்டிகோ மிகத் தாழ்வான ஊர்தான்; அதற்காக வழியெல்லாம் இறக்கம் என்று நம்பிவிடாதீர்கள். ஓடைப் பள்ளங்களில் இறங்கி ஏறியே கால் சோர்ந்துவிடும். கொஞ்சம் மூச்சுவிட முடிவது பழைய வாய்க்கால் ஓரங்களில். 1851-இல் தங்க வேட்டை தொடங்கிய பிறகு, மண் அலசத் தண்ணீர் கொண்டுவர மலையைச் சுற்றி மெல்லிய சரிவில் வெட்டியவை அவை. பாதியில் நிறுத்துவதானால் காசில்மெயினில் ரயில் உண்டு, டேல்ஸ்ஃபோர்டில் இல்லை.

கேள்வி: டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத டயர்) போட்டும் அங்கே டயர் கிழிகிறதாமே?

பதில்: வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) செய்யும் வேலை. தங்கம் ஓடியது அந்தக் கல்லின் ரேகைகளில். உடைத்துக் கொட்டியது இன்றும் சிதறிக் கிடக்கிறது. அதன் விளிம்பு கண்ணாடிச் சில்லு மாதிரி டயரின் பக்கவாட்டைக் கீறும். எடை குறைவு என்று மெல்லிய டயர் வாங்குவது இங்கே வீண் சிக்கனம். பக்கவாட்டில் கூடுதல் அடுக்குள்ள 2.4 அங்குல டயர் போடுங்கள். 75 கிலோ எடையுள்ளவர் காற்றழுத்தம் முன்னே 23, பின்னே 26 பிஎஸ்ஐ வைத்துத் தொடங்கலாம். 29 அங்குலச் சக்கரத்துக்கு ஓட்டையைத் தானே அடைக்கும் திரவமான சீலன்ட் 100 முதல் 120 மி.லி. வேண்டும், கோடையில் இரண்டே மாதத்தில் உலர்ந்துவிடக்கூடும், கிளம்புமுன் பாருங்கள். சிறு ஓட்டைக்கு அதில் செருகும் ரப்பர் பட்டையான பிளக் போதும். நீளக் கிழிசலில் அது நிற்காது. பழைய டயரில் 5 செ.மீ. அகலம், 8 செ.மீ. நீளத்தில் ஒரு துண்டு வெட்டி எடுத்துப் போங்கள். கிழிசலுக்கு உட்புறம் அதை வைத்து, பிறகு டியூப் மாட்டினால் ஊர் போய்ச் சேரலாம். துண்டு வைக்காவிட்டால் டியூப் கிழிசல் வழியே பிதுங்கி வெடிக்கும்.

கெட்டிக் களிமண் மேல் உதிரிக் கல் கிடக்கும் வளைவுகளில், திரும்பும் முன்பே பிரேக் பிடித்து முடித்துவிடுங்கள். வளைவுக்குள் முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும்.

கேள்வி: குறுக்கே காட்டுக்குள் இறங்கலாமா? குட்டை நீரை வடிகட்டிக் குடிக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். வட்டமாக மண்மேடு தெரிந்தால் நடுவில் செங்குத்தான சுரங்கக் குழி இருக்கலாம். உள்ளே தாங்கிய மரம் மக்கியிருக்கும். மழைக்குப் பின் விளிம்பே சரியும். ‘ஒதுங்க’ப் போகும்போதும் பாதையை ஒட்டியே நில்லுங்கள். தங்கக் கல்லோடு ஆர்செனிக் என்ற நஞ்சும் வெளியே வந்திருக்கிறது. சாதாரண வடிகட்டி கிருமியைத் தடுக்கும், கரைந்த ஆர்செனிக்கைத் தடுக்காது. கொதிக்கவைத்தால் செறிவு கூடவே செய்யும். ஆளுக்கு 3 லிட்டர் குழாய்த் தண்ணீரை ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். சுரங்கக் கழிவு மணல்மேட்டில் ஓட்டினால் அந்தத் தூசிதான் மூக்கில் ஏறும். சாப்பிடுமுன் கை கழுவ ஒரு குப்பி நீர் தனியாக இருக்கட்டும்.