பதில் வராத மெயில்கள்

கேள்வி: வாடிக்கையாளர்களுக்கு விவரமாகத்தான் மெயில் எழுதுகிறேன். ஆனாலும் பலர் பதிலே போடுவதில்லை. மேலாளரை சிசியில் (மெயிலின் நகல் பெறுபவராக) சேர்த்து அனுப்பினால் பயன் இருக்குமா?

பதில்: சிசியை அவசரப்பட்டுத் தொடாதீர்கள். எதிரில் இருப்பவருக்கு அது புகார் கொடுத்ததாகத்தான் படும். அப்புறம் பதில் வந்தாலும் பழைய இணக்கம் இருக்காது.

முதலில் உங்கள் தலைப்பைப் பாருங்கள். 'முக்கியம்' என்று போட்டால் யாருக்கு என்ன புரியும்? 'விலைப்பட்டியல்: வெள்ளிக்குள் ஒப்புதல் தேவை' என்று எழுதுங்கள். கைபேசியில் தலைப்பின் முதல் சில சொற்கள்தான் தெரியும் என்பதால் விஷயம் முன்னால் வரட்டும். என்ன வேண்டும், எப்போதைக்குள் வேண்டும் என்பதை முதல் இரண்டு வரியிலேயே சொல்லிவிடுங்கள். பின்னணியெல்லாம் அதற்குக் கீழே. ஒரே மெயிலில் மூன்று கேள்வி கேட்டால் எளிதான ஒன்றுக்குத்தான் பதில் வரும். வேலை பார்த்த காலம் முழுக்க நான் கண்டது இது.

நினைவூட்டும்போது புது மெயில் வேண்டாம். பழையதற்கே 'ரிப்ளை' கொடுத்து, கேள்வியை ஒரே வரியில் திரும்பக் கேளுங்கள். அவர் எதையும் தேட வேண்டியிருக்காது.

பல வாடிக்கையாளர்களுக்கு ஒன்றாக அனுப்புகிறீர்களா? தயவுசெய்து பிசிசியில் (பெறுபவர்களின் முகவரி மற்றவர்களுக்குத் தெரியாத நகல்) போடுங்கள். ஒருவர் முகவரியை அவரைக் கேட்காமல் மற்றவருக்குக் காட்டுவது தவறு.

ஜிமெயில் என்றால், அனுப்பியதைத் திரும்பப் பெறும் அவகாசத்தை அமைப்புகளில் 30 விநாடியாக மாற்றிக்கொள்ளுங்கள். கோபத்தோடு எழுதும் நாளில் பெறுநர் முகவரியைக் கடைசியில் நிரப்புங்கள்.