டேங்கில் ஊற்றும் மருந்து வால்வுக்குப் போய்ச் சேருமா?

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மூன்றரை ஆண்டுகளாக டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன், 42,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கோரிமேட்டிலிருந்து செவ்வாய்ப்பேட்டையில் உள்ள என் கடைக்குப் போய்வருவதும், மாதம் ஓரிரு முறை ஏற்காடு ஏறுவதும்தான் அதன் வேலை. சில வாரங்களாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் இன்ஜின் நடுங்குகிறது. மலையில் பிக்கப்பும் குறைந்துவிட்டது. கரி பிடித்திருப்பதாகவும், ஃபியூயல் சிஸ்டம் கிளீனிங் செய்தால் சரியாகிவிடும் என்றும் சர்வீஸ் சென்டரில் 4,500 ரூபாய் கேட்கிறார்கள். பெட்ரோல் பங்கில் விற்கும் கிளீனிங் மருந்து பாட்டிலை டேங்கில் ஊற்றினாலே போதும் என்கிறார் நண்பர். எதைச் செய்வது, ஐயா?
– கோரிமேடு வாசகர்

பதில்: பணம் கட்டுவதற்கு முன்னால், கரி எந்த இடத்தில் படிந்திருக்கிறது என்று அவர்களிடம் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் எந்தக் கிளீனிங்குக்கும் சம்மதிக்க வேண்டாம்.

உங்கள் காரின் பின்பக்கத்தில் டிஎஸ்ஐ, ஜிடிஐ போன்ற எழுத்துகள் இருந்தால், அது பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜின். எம்பிஎஃப்ஐ இன்ஜின்களில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் காற்று வரும் பாதையிலேயே இருப்பதால், பெட்ரோல் ஒவ்வொரு முறையும், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வின் முதுகில் பட்டு, அதைக் கழுவிக்கொண்டே உள்ளே போகும். நேரடி இன்ஜெக்ஷனிலோ 200, 350 பார் என்ற அளவிலான அழுத்தத்தில் பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கப்படுகிறது. வால்வின் முதுகுக்கு அந்தக் குளியல் கிடைப்பதில்லை. அதே நேரத்தில், பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே கசியும் வாயுவும் இன்ஜின் ஆயிலின் ஆவியும் வெளியே போய்க் காற்றைக் கெடுக்காமல் இருப்பதற்காக, பிசிவி வால்வு வழியாக மீண்டும் இன்டேக்குக்கே திருப்பிவிடப்படுகின்றன. அந்த எண்ணெய்ப் பசை சூடான வால்வில் ஒட்டி, காய்ந்து, அடுக்கடுக்காகக் கரியாகிறது. விறகடுப்பில் பல ஆண்டுகள் கிடந்த பானையின் அடியைப் பார்த்திருப்பீர்கள்; நான் கழற்றிப் பார்த்த வால்வுகள் ஏறத்தாழ அப்படித்தான் இருந்தன. விரலால் தொட்டால் மேலே பிசுபிசுப்பு, நகத்தால் சுரண்டினால் அடியில் கல் போன்ற பொருக்கு.

ஆகவே டேங்கில் நீங்கள் எதை ஊற்றினாலும் அது அந்த இடத்துக்குப் போய்ச் சேர வழியே இல்லை. பாலிஈதர் அமீன் என்ற கரி கரைக்கும் வேதிப்பொருள் கலந்த நல்ல மருந்தாக இருந்தால் இன்ஜெக்டர் நுனியிலும் பிஸ்டனின் தலையிலும் படிந்ததை ஓரளவு கரைக்கும். அந்த வேலைக்கு அது நல்ல பொருள்தான். உங்கள் நண்பர் சொன்னதில் அவ்வளவு உண்மை இருக்கிறது.

குளிர்ந்த இன்ஜின் ஒரு நிமிடம் நடுங்குவது வால்வுக் கரியின் அடையாளமாக இருக்கலாம். ஆனால் தேய்ந்த ஸ்பார்க் பிளக்கும் பழுதான இக்னிஷன் காயிலும் அதே நடுக்கத்தைக் கொடுக்கும். டர்போவிலிருந்து வரும் குழாயின் கிளாம்ப் தளர்ந்து காற்று கசிந்தால் மலையில் பிக்கப் குறையும். எனவே முதலில் ஸ்கேனரை மாட்டி, எந்தச் சிலிண்டரில் மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாக எரியாமல் தவறுவது) பதிவாகியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பிளக்குகளைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். குழாய்களைச் சோதிக்கச் சொல்லுங்கள். இவை சரியாக இருந்தால், போரோஸ்கோப் எனப்படும் மெல்லிய கேமராவை இன்டேக் வழியாக விட்டு வால்வுகளைப் படம் எடுக்கச் சொல்லி, அந்தப் படத்தை நீங்களே பாருங்கள். உங்கள் வண்டி, பார்க்க வேண்டியது உங்கள் உரிமை.

படத்தில் பொருக்கு தடிப்பாகத் தெரிந்தால், இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் (அக்ரூட்) ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்வதுதான் நம்பத்தக்க முறை. அந்தத் தூள் கரியைப் பெயர்க்கும் அளவுக்குக் கடினமானது, உலோகத்தைக் கீறாத அளவுக்கு மென்மையானது. எந்தச் சிலிண்டரில் வேலை நடக்கிறதோ அதன் வால்வுகள் முழுவதும் மூடியிருக்கும் நிலைக்கு இன்ஜினைத் திருப்பி வைத்துவிட்டே அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தூள் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். இதைச் செய்து பழகிய மெக்கானிக்கிடம் மட்டுமே வண்டியை விடுங்கள். இன்ஜின் ஓடும்போதே இன்டேக்கில் ஸ்ப்ரே அடிக்கும் முறை, படிவு மெலிதாக இருக்கும்போது ஓரளவு பயன் தரும். தடித்த பொருக்குள்ள டர்போ வண்டியில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; பெயர்ந்த துண்டு எக்ஸாஸ்ட் வழியே வெளியேறும்போது, நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேலாகச் சுழலக்கூடிய டர்பைன் சக்கரத்தின் மீது மோதலாம். டர்போவின் விலையை எண்ணிப் பாருங்கள்.

இனி, வண்டியை ஓட்டும் விதம். கடைக்குப் போகும் சிறு தூரத்தில் இன்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் நிறுத்திவிடுகிறீர்கள். எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் கலந்து, பிசிவி வழியாக வரும் ஆவியை அதிகமாக்குகின்றன. ஆயில் மாற்றக் கையேட்டில் 15,000 கிலோமீட்டர் என்று இருந்தாலும், உங்களைப் போன்ற ஓட்டத்துக்கு 7,500 கிலோமீட்டரிலேயே, கையேடு சொல்லும் அதே கிரேடு ஆயிலாகப் பார்த்து மாற்றிவிடுவது நல்லது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கியரைக் குறைக்காமல், 1,300, 1,400 ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து இழுக்காதீர்கள். அந்த நிலையில்தான், எண்ணெய்த் துளியோ கரித் துகளோ பொறி வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்து, பிஸ்டனையே உடைக்கும் ஆபத்து இருக்கிறது. டப்பாவில் எபிஐ எஸ்பி (API SP) என்ற தரக் குறியீடு உள்ள ஆயில் இந்த ஆபத்தைக் குறைக்கும் விதமாக உருவாக்கப்பட்டது. மலை ஏறி ஏரிக்கரையில் நிறுத்தியதும் சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். டர்போவின் பேரிங்கில் நிற்கும் ஆயில் அந்தச் சூட்டில் கரியாகாமல் தப்பும். திரும்பி இறங்கி அடிவாரத்தில் மீண்டும் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது நீலப் புகை வந்தால், வால்வு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. அதை மாற்றாமல் கரியை மட்டும் எடுத்தால் மீண்டும் படியும்.

கேள்வி: நாகலூரில் காபித் தோட்டம் வைத்திருக்கிறேன். பிஎஸ்6 டீசல் ஜீப்பில் டிபிஎஃப் விளக்கு அடிக்கடி எரிகிறது. அதே கிளீனிங் பாட்டில் உதவுமா?
– ஏற்காடு வாசகர்

பதில்: பெட்ரோலுக்கான பாட்டிலை டீசலில் ஊற்றவே கூடாது. டிபிஎஃப் என்பது புகைக்கரியைப் பிடித்து வைத்து, எக்ஸாஸ்ட் போதிய சூடு ஏறும்போது எரித்துவிடும் வடிகட்டி. தோட்டத்துக்குள் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்தால் அந்தச் சூடு கிடைக்காது. வாரம் ஒருமுறை சேலத்துக்கு இறங்கும்போது, ஓமலூர் பக்கம் நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் நிறுத்தாமல், 60 கிலோமீட்டருக்குக் குறையாத சீரான வேகத்தில் ஓட்டுங்கள். விளக்கு பெரும்பாலும் அணைந்துவிடும். அணையாமல் இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்டிக்கொண்டே இருக்காமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். ஆயில் டிப்ஸ்டிக்கையும் அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். கரியை எரிக்கும் வேலை அடிக்கடி பாதியில் தடைப்பட்டு, டீசல் இன்ஜின் ஆயிலுக்குள் கலந்து அதன் மட்டம் உயர்ந்திருந்தால், உடனே ஆயிலை மாற்ற வேண்டும்.

கேள்வி: என்னுடையது டர்போ, ஆனால் எம்பிஎஃப்ஐ. 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வால்வு சுத்தம் செய்யச் சொல்கிறார்கள்.
– அம்மாப்பேட்டை வாசகர்

பதில்: தேவையில்லை. ஏர் ஃபில்டரையும் ஆயிலையும் நேரத்துக்கு மாற்றி வாருங்கள்; வால்வைப் பெட்ரோலே கழுவிக்கொள்ளும்.