10 ஆண்டு தண்டனை: மேல்முறையீட்டில் எதைக் கேட்பது?

கேள்வி: சாக்கு மூட்டையில் 21 கிலோ கஞ்சா கடத்தியதாகக் கைதான என் தம்பிக்குச் சிறப்பு நீதிமன்றம் 10 ஆண்டு கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்திருக்கிறது. தீர்ப்பு வந்து ஒரு மாதம் ஆகிறது. குடும்ப நிலையைச் சொல்லித் தண்டனையைக் குறைக்கும்படி உயர் நீதிமன்றத்தில் கேட்கலாமா? வழக்கறிஞர் வைக்க எங்களுக்கு வசதியில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தேனி மாவட்டம்

பதில்: சகோதரி, முதலில் கெடுவைக் கவனியுங்கள். தீர்ப்பு நாளிலிருந்து 60 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்ய வேண்டும். நகல் பெற ஆன நாள்கள் இதில் கழிக்கப்படும். தீர்ப்பு நகலை உங்கள் தம்பிக்கு இலவசமாகவே தர வேண்டும். காவலில் இருப்பவருக்கு, வருமானம் பார்க்காமல், 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வழக்கறிஞர் கிடைப்பார். சிறை அதிகாரி வழியாகவே மேல்முறையீட்டு மனுவை அனுப்பவும் வழி உண்டு.

குடும்ப நிலையை மட்டும் சொல்லிக் கேட்பது பயன் தராது என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி 20 கிலோவுக்கு மேற்பட்ட கஞ்சா வணிக அளவு. அதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டும் 1 லட்சம் ரூபாய் அபராதமும்தான். அதற்குக் கீழே இறங்க உயர் நீதிமன்றத்துக்கும் அதிகாரமில்லை. ஆகவே, குற்றத் தீர்ப்பையே எதிர்க்க வேண்டும், அல்லது அளவை எதிர்க்க வேண்டும். 1 கிலோவுக்கு மேல் 20 கிலோ வரை என்றால் குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் கிடையாது. அப்போதுதான் வயது, வறுமை, முன்குற்றம் இல்லாமை ஆகியவற்றை நீதிபதி கணக்கில் எடுக்க முடியும்.

உங்கள் தம்பியின் வழக்கில் எல்லையைத் தாண்டியது ஒரே ஒரு கிலோ என்பதால், பறிமுதல் மகஜரை (பொருளைக் கைப்பற்றியபோது போலீசார் எழுதிய ஆவணத்தை) வழக்கறிஞரிடம் வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். சாக்கோடு சேர்த்து எடை போட்டார்களா? சட்டத்தின்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும், காய்க்கும் நுனிப்பகுதி. நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் அடங்கா. மூட்டையில் தனியாகக் கிடந்த இலை, விதை எடையில் சேர்ந்ததா? மகஜரில் உள்ள எடையும், நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் தயாரித்த பொருள் பட்டியலில் உள்ள எடையும், ஆய்வகத்துக்குப் போன மாதிரியின் முத்திரையும் ஒத்துப்போகின்றனவா? நடைமுறையில் ஒரு குறை இருந்தாலே விடுதலை என்று நம்பிவிடாதீர்கள். அந்தக் குறை சாட்சியத்தின் மீதே சந்தேகத்தை எழுப்ப வேண்டும். ஒருவரின் உடலைச் சோதிக்கும் முன் நடுவர் அல்லது உயர் அதிகாரி முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமையை அவருக்குச் சொல்ல வேண்டும் என்கிற, இதே சட்டத்தின் 50ஆம் பிரிவைப் பலரும் நம்புகிறார்கள், ஆனால் மூட்டையில் கிடைத்த பொருளுக்கு அது பொருந்தாது. விசாரணை அதிகாரியிடம் தம்பி கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டித்திருந்தால், அப்படிப்பட்ட வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று தூபான் சிங் எதிர் தமிழ்நாடு வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு உங்களுக்குத் துணை நிற்கும்.

மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்கலாம். ஆனால் வணிக அளவு வழக்கில், அவர் குற்றவாளி அல்லர் என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாகவும், வெளியே வந்து மறுபடி குற்றம் செய்யமாட்டார் என்றும் நீதிமன்றம் கருத வேண்டும் என்பதால் அது எளிதில் கிடைக்காது. அபராதம் கட்ட முடியாதபோது அனுபவிக்க வேண்டிய கூடுதல் சிறையைக் குறைக்கும்படியும் மனுவிலேயே கேளுங்கள். அதற்குக் குறைந்தபட்ச அளவு ஏதும் இல்லை.