ஃபிளாக் பாட்டு, எம்பி3, சிடி: கேள்வி பதில்

ஹட்டன், வேன் ஓட்டுநர்: அண்ணே, ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய ஒலி ஃபைல்) பாட்டுகளை 320 பிட்ரேட்டில் (நொடிக்கு 320 கிலோபிட்) எம்பி3 ஆக்கித்தான் சிடி அடித்தேன். அப்படியும் 16 பாட்டுக்கு மேல் ஏறவில்லையே?

பதில்: ஆடியோ சிடியாக அடித்திருக்கிறீர்கள் தம்பி. அதில் எந்த ஃபைலைக் கொடுத்தாலும் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்ற சுருக்காத ஒலியாக விரித்துத்தான் எழுதும். 80 நிமிடம்தான் கணக்கு. இடமும் மிச்சமில்லை, தரமும் போச்சு. ஆடியோ சிடிக்கு ஃபிளாக்கையே நேரே கொடுங்கள், சிடி எழுதும் சிடிபர்னர்எக்ஸ்பி மென்பொருள் ஏற்றுக்கொள்ளும். வேன் செட் முகப்பில் எம்பி3 என்று போட்டிருந்தால் மட்டும், எம்பி3 ஃபைலை அப்படியே எழுதும் டேட்டா சிடி அடிக்கலாம். 320இல் நிமிடத்துக்கு 2.4 எம்பி (மெகாபைட்) பிடிக்கும். 700 எம்பி சிடியில் ஐந்து நிமிடப் பாட்டு 58 வரை பிடிக்கும், 192இல் 97. மலைப்பாதையில் எஞ்சின் இரைச்சலோடு கேட்க 192 தாராளம். மாறும் பிட்ரேட் வேண்டாம், பழைய செட்டுகள் பாட்டின் நேரத்தைத் தப்பாகக் காட்டும்.

அவரே: வரிசை குழம்புகிறது, பெயர் கட்டம் கட்டமாக வருகிறது.

பதில்: ஃபைல் பெயர் 01, 02 என்று தொடங்கட்டும். வெறும் 1, 2 என்றால் பல செட்டுகளில் 1க்குப் பிறகு 10 வந்து நிற்கும். தமிழ் எழுத்து அந்தச் செட்டில் இல்லை. பெயரை ஆங்கில எழுத்தில் வைத்து, டேக்கை (ஃபைலுக்குள் இருக்கும் பாட்டு விவரம்) ஐடி3 2.3 வடிவில் சேமியுங்கள். பெரிய அட்டைப்படம் இருந்தால் எடுத்துவிடுங்கள், சில செட்டுகள் அதிலேயே சிக்கி நிற்கும்.

மஸ்கெலியா: எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஃபிளாக்கில் பதிந்தோம். ஆளுக்கொரு சிடி கொடுக்க 128இல் எம்பி3 ஆக மாற்றினால் தப்பு மேளத்தின் சத்தம் மழுங்கிக் கேட்கிறது.

பதில்: தப்பு மேளம் எம்பி3க்குக் கடுமையான சோதனை. எம்பி3 ஒலியைச் சிறு துண்டுகளாக வெட்டிச் சுருக்குகிறது. பிட் போதாதபோது வரும் பிழை இரைச்சல் துண்டு முழுக்கப் பரவும். அமைதிக்கு நடுவே ஒரு அடி விழுந்தால், அடிக்கு முன்பே அந்த இரைச்சல் ‘உஸ்’ என்று கசியும். அடியின் கூர் போய்விடும். பாடும் குரலில் இது அவ்வளவு தெரியாது.

ஃபூபார்2000 மென்பொருளில் மூல ஃபிளாக்கைத் திறந்து, முதலில் 44.1க்கு மாற்றுங்கள், எம்பி3 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்காது. ஒலி அளவை 1 டெசிபல் குறையுங்கள், இல்லாவிட்டால் பலத்த அடிகள் உச்சத்தில் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். பிறகு எம்பி3 ஆக்கும் லேம் என்கோடரில் நிலையான 320. ஏற்கெனவே செய்த 128ஐ எடுத்து 320 ஆக்காதீர்கள், கெட்டது இன்னும் கெடும். மூல ஃபிளாக்கை இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். அந்தக் குரல்களைத் திரும்பப் பதிய முடியாமல் போகலாம். சிடி போனால் இன்னொன்று அடிக்கலாம்.

தலவாக்கலை: எம்பி3ஐ ஃபிளாக் ஆக்கினால் தரம் கூடுமா?

பதில்: கூடாது. கிள்ளிய கொழுந்து செடியில் ஒட்டுமா? ஃபைல்தான் பெருக்கும். அப்படி ஏமாற்றிய ஃபிளாக்கா என்று, ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக் மென்பொருளில் பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டினதுபோல நேர்கோடு தெரிந்தால் சந்தேகம்தான். பழைய பதிவுகளில் மேல் ஒலி இயல்பாகவே தேய்ந்திருக்கும், அதை இதோடு குழப்பவேண்டாம்.

பண்டாரவளை: கம்ப்யூட்டரில் ஓடும் சிடி, வீட்டு செட்டில் ஓடவில்லை.

பதில்: ஒருமுறை மட்டும் எழுதும் சிடி-ஆர்தானா? அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூவைப் பழைய லென்ஸ் வாசிக்கத் திணறும். டிவிடியை சிடி செட் வாசிக்கவே வாசிக்காது. 16எக்ஸ் வேகத்தில் எழுதி, மென்பொருளிலேயே டிஸ்க்கை மூடி (ஃபைனலைஸ் செய்து), சரிபார்ப்பையும் ஓடவிடுங்கள்.

நுவரெலியா: காலையில் மட்டும் எந்த சிடியும் எடுபடுவதில்லை, மத்தியானம் நன்றாக ஓடுகிறது.

பதில்: சிடியில் குறை இல்லை. இரவுக் குளிரில் கிடந்த லென்ஸில், காலையில் ஆட்களின் மூச்சுக்காற்றோ ஹீட்டர் சூடோ பட்டதும் ஈரம் படிகிறது. செட்டைப் போட்டு, சிடி இல்லாமல் அரை மணி, ஒரு மணி நேரம் விடுங்கள், காய்ந்துவிடும். துணியால் லென்ஸைத் துடைக்கக் கூடாது.