வருடாவருடம் மூளையை ஸ்கேன் எடுத்து ஒப்பிட வேண்டுமா?

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. நான்கு ஆண்டுகளாக மனச்சிதைவு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறான், இப்போது பரவாயில்லை. ஆரம்பத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் குறை ஒன்றும் இல்லை. போன மாதம் வேறொரு மையத்தில் எடுத்தபோது, 'மூளை 2 சதவீதம் சுருங்கியிருக்கிறது' என்று வண்ணப் படத்தோடு ரிப்போர்ட் கொடுத்தார்கள். வருடாவருடம் எடுத்து ஒப்பிட வேண்டுமாம். மருந்துதான் சுருக்குகிறது என்கிறார் அங்கிருந்த ஒருவர். மருந்தை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து ஒரு மாத்திரையைக்கூடக் குறைக்க வேண்டாம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு ஒன்று 2012இல் வந்தது. ஏறக்குறைய ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 100க்கு 27 பேர்; மருந்து நிறுத்தப்பட்டவர்களில் 64 பேர். உங்கள் வீட்டில் கவலைப்பட வேண்டிய எண் இதுதான், அந்த 2 சதவீதம் அல்ல.

சரி, அந்த 2 சதவீதம் எங்கிருந்து வந்தது? ஆராய்ச்சிகளில் இந்த நோய் உள்ளவர்களின் மூளை சராசரியாக வருடத்துக்கு அரை சதவீதம் அளவில் குறைவதாகத் தெரிகிறது. நோய் இல்லாதவர்களுக்கே 0.2 சதவீதம் குறையும். நூற்றுக்கணக்கானவர்களை ஒரே முறையில் பலமுறை எடுத்துச் சராசரி பார்த்தால்தான் இந்த வித்தியாசம் கண்ணில் படும். தனி ஒருவரிடம் இதைத் தேடுவது, வீட்டுத் தராசில் மோதிரத்தை நிறுப்பது போல. 16 மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலே மூளையின் கொள்ளளவு அரை சதவீதம் குறைந்ததை 2005இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஒரு வருட நோயின் கணக்கும் ஒரு நாள் தாகத்தின் கணக்கும் ஒன்றாகிவிடுகிறது! ஸ்கேனுக்குள் தலை கொஞ்சம் அசைந்தால் மூளையின் மேலடுக்கு மெலிந்ததுபோலத் தெரியும். மெஷின் மாறினால், அதன் மென்பொருள் மாறினால் அளவும் மாறும். உங்கள் தம்பிக்கு எடுத்ததோ இரண்டு வேறு மையங்களில். அதை ஒப்பீடு என்று சொல்வதே தப்பு.

என் கோபமும் அங்கேதான். 'மூளை வரைபடம்', 'ஒப்பீட்டு ரிப்போர்ட்' என்று சிவப்பும் நீலமுமாக அச்சடித்துக் கொடுத்துவிட்டு, கடைசி வரியில் பொடி எழுத்தில் 'மருத்துவரின் பரிசோதனையோடு பொருத்திப் பார்க்கவும்' என்று போட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். அடுத்த வருடத்துக்கும் சேர்த்தே பேக்கேஜ் பேசும் ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள். ஸ்கேனை எழுதிக் கொடுக்கும் டாக்டர்களும் யோக்கியம் இல்லை. நோயாளியோடு இருபது நிமிடம் பேச நேரமில்லாத இடத்தில் ஒரு சீட்டு எழுதுவது சுலபம்.

மருந்து பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். 211 நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஸ்கேன் எடுத்த ஆய்வு ஒன்று 2011இல் வந்தது. அதிக மருந்து எடுத்தவர்களுக்குச் சுருக்கமும் சற்று அதிகம். ஆனால் நோய் கடுமையானவர்களுக்குத்தானே மருந்தும் அதிகம் போகும்? குரங்குகளுக்கு மருந்து கொடுத்துப் பார்த்தபோதும் மூளை குறைந்தது உண்மை. அதே சமயம், 1927லேயே மூளைக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தவர்கள், இந்த நோயாளிகளில் சிலருக்கு மூளையின் உள்ளறைகள் விரிந்திருப்பதைப் பார்த்துவிட்டார்கள்; சுற்றியுள்ள மூளை சுருங்கினால் அறைகள் விரியும். இந்நோய்க்கான முதல் மருந்து வந்ததோ 1950களில். ஆகவே பழி முழுவதையும் மாத்திரை மேல் போட முடியாது. தேவைக்கு மேல் டோஸ் வேண்டாம் என்று டாக்டரிடம் பேசுங்கள், அது நியாயமான பேச்சு.

எப்போது மறுபடி ஸ்கேன் வேண்டும்? இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். சில நாட்களிலோ வாரங்களிலோ ஆள் திடீரென்று மாறினால்: வலிப்பு, காய்ச்சல், புதிதாக ஞாபக மறதி, வாயும் கையும் தானாக விசித்திரமாக அசைவது, பேச்சு நின்றுபோவது, நினைவு மங்குவது. உடலின் எதிர்ப்புச் சக்தி மூளையையே தாக்கும் ஒருவகை அழற்சி இருக்கிறது. அப்படித் தாக்கும் எதிரணுவை (ஆன்டிபாடி) 2007இல்தான் கண்டுபிடித்தார்கள். ஆரம்பத்தில் அச்சு அசலாக மனநோய் போலவே இருக்கும். இளம்பெண்களுக்கு அதிகம், சிலருக்குச் சினைப்பைக் கட்டியோடு சேர்ந்து வரும், ஆண்களுக்கும் வரும். மேலே சொன்ன மாற்றங்கள் தெரிந்தால் மருத்துவமனைக்கு ஓடுங்கள். இன்னொன்று, இந்த அழற்சியில் எம்.ஆர்.ஐ. பலருக்கு நார்மலாகவே இருக்கும். 'ஸ்கேன் நார்மல்' என்று வீட்டுக்கு அனுப்பினால் கிளம்பிவிடாதீர்கள். முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்து எதிரணு பார்த்தார்களா, மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்தார்களா என்று கேளுங்கள். நேரத்தோடு பிடித்தால் பெரும்பாலும் குணமாகும்.

உங்கள் தம்பிக்கு இப்படி எதுவும் இருப்பதாக எழுதவில்லை. வருடாவருடம் அவருக்குப் பார்க்க வேண்டியது எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம். இந்த மருந்துகள் நிஜமாகவே கெடுப்பது அங்கேதான், யாரும் வண்ணப் படம் போட்டுக் காட்டுவதில்லை. அப்புறம், முதல் ஸ்கேனின் படங்களைப் பதிந்த சி.டி. தட்டை அந்த மையத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். பின்னால் நிஜமாகவே ஒரு ஸ்கேன் தேவைப்பட்டால் டாக்டர் கேட்பது அந்தப் படங்களைத்தான், ரிப்போர்ட் காகிதத்தை அல்ல. தர மறுத்தால் எழுத்தில் கேளுங்கள்.