ஸ்பைக் பஃபியின் காதலுக்குத் தகுதியானவன்தானா?

‘பஃபி த வாம்பயர் ஸ்லேயர்’ தொடரில் ஸ்பைக் அவ்வளவு மாறினானே, பஃபியின் காதல் அவனுக்குச் சேர வேண்டியதுதானே என்பது கேள்வி.

இல்லை என்பதே என் பதில். ஸ்பைக்கை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் இப்படிச் சொல்கிறேன்.

1997 முதல் 2003 வரை ஏழு சீசன் ஓடிய தொடர் இது. ஐந்தாவது சீசனில்தான் ரத்தக்காட்டேரியான ஸ்பைக், காட்டேரிகளை வேட்டையாடும் பஃபி மேல் ஆசைப்படுகிறான். முதலில் பேரம் பேசுகிறான். அவளைச் சங்கிலியில் கட்டி வைத்து, பழைய காதலி ட்ருசில்லாவைக் கொன்று காதலை நிரூபிக்கிறேன் என்கிறான். அவளுக்கு அருவருப்புதான் வருகிறது. அப்புறம் அதே சீசனின் வில்லியான க்ளோரி என்ற தெய்வம் அவனைப் பிடித்து வதைக்கும்போது, பஃபியின் தங்கை டானைப் பற்றிய ரகசியத்தை அவன் வெளியிடவில்லை. சீசன் முடிவில் பஃபி தங்கையையே அவன் பொறுப்பில் விடுகிறாள். அவன் சம்பாதித்தது அந்த நம்பிக்கையை. நம்பிக்கை ஒருவருடைய நடத்தையைப் பார்த்து வரும். காதல் அப்படி வருவதில்லை.

ஆறாவது சீசனில் அவள் வேண்டாம் என்ற பிறகும் அவளைப் பலவந்தப்படுத்தப் பார்க்கிறான். பிறகு ஆப்பிரிக்கா போய், சோதனைகளைத் தாங்கி, காட்டேரியானபோது இழந்த ஆன்மாவைத் திரும்பப் பெறுகிறான். பஃபியின் முன்னாள் காதலனான ஏஞ்சல் என்ற காட்டேரிக்கு ஆன்மா சாபத்தால் வந்தது, இவன் தானே தேடிப் போனான் என்று ரசிகர்கள் வாதாடுவார்கள். உண்மைதான், அதற்காக அவனை மதிக்கிறேன். ஆனால் தன் தப்பை உணர்ந்து ஒருவன் திருந்தினால், அதற்குப் பரிசாக அவன் காயப்படுத்திய பெண்ணையே கேட்கலாமா?

ஏழு கடல் ஏழு மலை தாண்டி வந்தவனுக்கு ராஜா மகளைக் கட்டிக்கொடுக்கிற கதைகளைக் கேட்டு வளர்ந்த பழக்கம் இது. அவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறதா என்று அந்தக் கதைகளில் யாரும் கேட்பதில்லை. மாயாஜாலத் தொடர்களில் சாகசமும் சோதனையும் நிறைய இருப்பதால், நாமும் மார்க் போட ஆரம்பித்துவிடுகிறோம்.

ஏழாவது சீசனில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. கூட இருந்தவர்களே பஃபியை அவள் வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லிவிடுகிறார்கள். யாரோ விட்டுப்போன ஒரு வீட்டில் தனியாக இருக்கிறாள். தேடி வருகிற ஸ்பைக், உன்னிடம் எதையும் கேட்க வரவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் தன் மனதில் உள்ளதைச் சொல்கிறான். இரவு முழுக்க அவள் அவன் அணைப்பில் தூங்குகிறாள், அவ்வளவுதான். தன் வாழ்க்கையிலேயே சிறந்த இரவு அதுதான் என்று மறுநாள் சொல்கிறான். நூறு வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவன் அவன்!

கடைசி எபிசோடில் உலகைக் காப்பாற்ற அவன் எரிந்துகொண்டு நிற்கும்போது, உன்னைக் காதலிக்கிறேன் என்கிறாள் பஃபி. இல்லை, ஆனாலும் சொன்னதற்கு நன்றி என்கிறான். அவள் மனதாரச் சொன்னாளா என்பதில் ரசிகர்களுக்குள் சண்டை ஓயவில்லை. மனதாரத்தான் சொன்னாள் என்று நான் நம்புகிறேன். அவன் நம்பவில்லை. நம்பாமலேயே அவளைப் போகச் சொல்லிவிட்டு அங்கேயே நிற்கிறான்.