பதில்: அம்மாவை இழந்த மனைவியிடம் என்ன பேசுவது?

வணக்கம். மாமியார் இறந்தபின் மனைவி, "அம்மா நம்மைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்" என்கிறார். உங்களுக்கு ஆன்மாவில் நம்பிக்கை இல்லை. "செத்தால் எல்லாம் முடிந்தது" என்று சொல்லிவிட்டீர்கள், அன்றிலிருந்து அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. படிக்கவே கஷ்டமாக இருந்தது.

நீங்கள் அவரிடம் எடுத்துச் சொன்ன, பழங்காலக் கிரேக்கத் தத்துவ அறிஞர் எபிகூரஸின் வாதம் எனக்கும் பிடிக்கும்: நாம் இருக்கும்வரை மரணம் இல்லை, மரணம் வந்தபின் நாம் இல்லை. ஆனால் அது தன் சாவை நினைத்துப் பயப்படுகிறவருக்குச் சொன்ன ஆறுதல். உங்கள் மனைவி இருக்கிறார், அம்மாதான் இல்லை. அவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது.

இரவில் அவர் அம்மாவின் குரல் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்பதை நோயாக நினைக்காதீர்கள். இறந்தவரிடமிருந்து மனதை விலக்கினால்தான் தேற முடியும் என்ற, உளப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய ஃபிராய்டின் 1917-ஆம் ஆண்டுக் கருத்து நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது. 1996-ல் டென்னிஸ் கிளாஸும் சக ஆய்வாளர்களும், இறந்தவரோடு உறவு மனதில் தொடர்வது இயல்புதான் என்று வாதிட்டார்கள். இதற்கு மறுமையை நம்ப வேண்டியதில்லை. நம்பாதவர்களும் மனதுக்குள் அப்பாவிடம் யோசனை கேட்கிறார்கள்.

முதலில் அன்று சொன்னதற்கு மன்னிப்புக் கேளுங்கள். நம்புவதாக நடிக்க வேண்டாம், கண்டுபிடித்துவிடுவார். அடுத்த முறை பதிவைப் போடும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். "இதில் அத்தை எதற்கு இப்படிச் சிரிக்கிறார்?" என்று கேளுங்கள், அவர் சொல்லட்டும். அப்புறம், மாதக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் சரியாகவில்லை என்றால் மனநல ஆலோசகரிடம் நீங்களும் கூடவே போங்கள்.